கரடி வந்தால் யாரிடம் சொல்வது? – வாசகர் கேள்வி பதில்

மலையில் பேரிக்காய் பழுக்க ஆரம்பித்தால் நமக்கு வரும் கடிதங்களும் மாறிவிடும். பச்சைத் தேயிலை விலை, கடைசி பஸ், பட்டா மாறுதல் எல்லாம் பின்னால் போய் கரடி முன்னால் வந்து நிற்கும். நீலகிரியிலிருந்தும் கொடைக்கானல் பக்கமிருந்தும் வந்த கடிதங்களில் ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்து ஒரு கேள்வியாக்கிவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டதால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்தான்.

எங்கள் ஊர் ரேஷன் கடைக் கதவைக் கரடி உடைப்பது இது இரண்டாவது முறை. பாமாயில் பாக்கெட்டுகளைக் கடித்துக் குடித்துவிட்டு, சர்க்கரை மூட்டையையும் கிழித்துப் போட்டிருக்கிறது. போலீஸில் சொல்வதா, ஃபாரஸ்டில் சொல்வதா? ஃபாரஸ்ட்காரர்கள் வந்தாலும் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறார்கள் ஊரில்.
– விற்பனையாளர், கோத்தகிரி அருகே

வனத்துறையிடம்தான் சொல்ல வேண்டும். உங்கள் ஊர் எந்த வனச்சரகத்தில் வருகிறதோ அந்தச் சரக அலுவலகத்துக்கு முதல் போன். கோத்தகிரி பக்கம் என்பதாலேயே கோத்தகிரி சரகம் என்று முடிவு செய்துவிடாதீர்கள், கொஞ்சம் தள்ளிப் போனால் கட்டபெட்டு சரகம் வந்துவிடும். ராத்திரி கரடி கதவைப் பிறாண்டிக்கொண்டிருக்கும்போது "இது எங்கள் எல்லை இல்லைங்க" என்று ஒருவர் சொல்லி, நீங்கள் இன்னொரு நம்பரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது பாருங்கள். அதனால் பகலிலேயே கேட்டு வனச்சரகர், வனவர், உங்கள் பகுதி வனக்காப்பாளர் மூவரின் நம்பரையும் கடைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்துவிடுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, ஆளுக்கே ஆபத்து என்றால் 112. கூட்டுறவு சங்கச் செயலாளருக்கும் அன்றைக்கே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இருப்பு குறைந்தால் கேள்வி உங்களிடம்தானே வரும், கரடியிடம் கேட்கப்போவதில்லை.

அப்புறம் அந்த "போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்" பேச்சு. அந்தப் போட்டோதான் கோப்பில் முதல் தாள். ராத்திரி ரோந்து போடுவதா, தானியங்கி கேமரா கட்டுவதா, கூண்டுக்கு எழுதுவதா என்பதையெல்லாம் மேலே இருப்பவர்கள் அந்தக் கோப்பைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். கரடி நாலு தடவை வந்தும் ஒரு தடவைதான் பதிவாகியிருக்கிறது என்றால், அலுவலகக் கணக்கில் அது ஒரு தடவைதான் வந்தது. முதல் முறை உடைத்தபோது நீங்கள் சொன்னீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. சொல்லவில்லை என்றால் இந்த மனுவில் அதையும் தேதியோடு சேர்த்துவிடுங்கள்.

ஆட்கள் வந்து பார்க்கும்வரை கடையைக் கூட்டிப் பெருக்காதீர்கள். கதவுப் பலகையில் நக இழுப்பு எந்த உயரத்தில் இருக்கிறது, பாக்கெட்டில் பல் எங்கே இறங்கியிருக்கிறது, எண்ணெய் மிதித்த கால் எந்தப் பக்கமாகப் போயிருக்கிறது, இதெல்லாம் அவர்களுக்கு வேண்டும். காத்திருக்க முடியாது, வரிசையில் சனம் நிற்கிறது என்றால் நீங்களே பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ தீப்பெட்டியையோ வைத்துப் படம் எடுத்துவிட்டுக் கூட்டுங்கள்.

மனு எழுதும் விதத்தையும் மாற்ற வேண்டும். "எங்கள் பகுதியில் கரடி தொல்லை அதிகமாக உள்ளதால் தக்க நடவடிக்கை எடுக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்று கீழே ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். பணிவு எல்லாம் சரி, விஷயம் எங்கே? இப்படி எழுதுங்கள்: "நேற்று இரவு 2 மணிக்கு மேல் ஒரு பெரிய கரடியும் ஒரு குட்டியும் மாரியம்மன் கோவில் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, நியாயவிலைக் கடையின் பின்கதவை உடைத்து, எண்ணெய் குடித்துவிட்டு, விடியும் முன் ஓடை வழியாகக் கீழே சென்றன. யாருக்கும் காயமில்லை. அதே வழியாகத்தான் காலை 8 மணிக்குப் பள்ளிப் பிள்ளைகள் நடக்கிறார்கள்." அந்தக் கடைசி வரியைப் படித்தபின் எந்த அதிகாரியும் தாளை அப்படியே மடித்து வைக்க மாட்டார். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பத்து நாள் ஆகியும் சத்தமே இல்லை என்றால் அந்தப் பிரதியோடு திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாம், இல்லை 1100-க்கு அடித்து முதல்வரின் உதவி மையத்தில் பதியலாம். அதற்கும் நகரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், "என் மனுமீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு கேள்வி. 30 நாளில் பதில் வந்தாக வேண்டும்.

எண்ணெயை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்க முடியுமா என்று சங்கத்தில் கேளுங்கள். பாமாயில் ருசி கண்ட கரடி பலகைக் கதவைப் பார்த்துத் திரும்பிப் போகாது.

என் மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அவள் வீட்டுக் கொல்லைக்குக் கரடி வந்தபோது இணையத்தில் ஒரு படிவம் நிரப்பினாளாம், பிறகு அதிகாரிகளே கூப்பிட்டுப் பேசினார்களாம். கறுப்புக் கரடி என்றால் கையைத் தூக்கிச் சத்தம் போடு, மேலே பாய்ந்தால் எதிர்த்து அடி என்று அங்கே சொல்லிக் கொடுத்ததைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறாள். நம் ஊர்க் கரடியும் கறுப்புதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், குன்னூர்

நிறம் மட்டும்தான் சார் ஒன்று. உங்கள் மகள் பார்த்தது அமெரிக்கக் கறுப்புக் கரடி. கலிபோர்னியாவில் இப்போது இருப்பது அந்த ஒரு இனம்தான், அவர்கள் கொடியில் நிற்கும் கிரிஸ்லி 1920-களிலேயே அங்கே அழிந்துபோனது. இந்தியாவிலும் கறுப்புக் கரடி என்று ஒன்று உண்டு, ஆனால் அது காஷ்மீரிலிருந்து அருணாசலம் வரை இமயமலைப் பக்கம். நீலகிரியிலும் பழனி மலையிலும் இருப்பது தேன்கரடி. அதற்கும் நெஞ்சில் வெள்ளைக் கோடு இருப்பதால் படத்தைப் பார்த்து நிறையப் பேர் குழம்பிவிடுகிறார்கள்.

அமெரிக்கக் கறுப்புக் கரடி பெரும்பாலும் மனிதனைக் கண்டால் விலகும், மிரண்டால் மரம் ஏறும். அதனால்தான் அங்கே சத்தம் போடு, எதிர்த்து நில் என்கிறார்கள். தேன்கரடி அப்படிப்பட்ட ஆள் இல்லை. புலியோடு ஒரே காட்டில் காலம்காலமாக வாழ்ந்த விலங்கு, மரத்தில் ஏறித் தப்புவதைவிட எதிர்த்து அடித்துத்தான் பிழைத்திருக்கிறது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். கண்பார்வை மட்டம், மூக்கு கூர்மை. கறையான் புற்றில் வாயை வைத்து உறிஞ்ச ஆரம்பித்தால் அது போடும் சத்தத்தில் நீங்கள் நடந்து வருவதே அதற்குக் கேட்காது. திடீரென்று பத்தடியில் உங்களைப் பார்த்ததும் பயத்தில் பாய்கிறது, பாய்ந்தால் குறி பெரும்பாலும் தலையும் முகமும்தான். ஆகவே தூரத்தில் பார்த்தால் சத்தமும் கல்லும் வேண்டாம், அதன்மேல் ஒரு கண் வைத்தபடி வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். ஓடித் தப்ப முடியாது, அது நம்மைவிட வேகம். மரமும் ஏறும். மேலே விழுந்துவிட்டது என்றால் குப்புறப் படுத்து, இரண்டு கையையும் கோத்துப் பிடரியை மூடி, முகத்தை மண்ணோடு வைத்துக்கொள்ள வேண்டும். அது விலகிப் போய்விட்டது என்று தெரியும்வரை எழக் கூடாது. குடும்பக் குழுவில் இதையும் போட்டுவிடுங்கள், முன்னதை அழிக்க வேண்டாம், மகளுக்கு அது தேவை.

ஆனால் அந்தப் படிவம் விஷயத்தில் அவர்களிடம் கற்க வேண்டியது இருக்கிறது. கலிபோர்னியாவின் மீன், வனவிலங்குத் துறை இணையத்திலேயே புகார் வாங்குகிறது. சும்மா பார்த்ததா, பொருள் சேதமா, மனிதனுக்கே ஆபத்தா என்று பிரித்துக்கொண்டு அதற்குத் தக்கபடி பேசுகிறார்கள். குப்பைத் தொட்டியையோ நாய்ச் சாப்பாட்டையோ வெளியே வைத்திருந்தீர்களா என்பதும் அந்தப் பேச்சில் வந்துவிடும். நம் மனுக்களில் கரடி வந்தது இருக்கும், எதைத் தின்ன வந்தது என்பது இருக்காது.

கரடி ரோட்டைக் கடப்பதை நான் எடுத்த ரீல்ஸ் செம வைரல். வனத்துறை பக்கத்தையும் டேக் செய்தேன். அதுவே தகவல் கொடுத்ததுதானே?
– கல்லூரி மாணவர், கொடைக்கானல்

இல்லை தம்பி. ரீல்ஸுக்குப் பின்னால் கூட்டம்தான் வரும், வனக்காப்பாளர் வர மாட்டார். போனில் சொல்லிவிட்டு அப்புறம் போடுங்கள், போடும்போது இடத்தின் பெயரைப் போடாதீர்கள்.

நான் எஸ்டேட்டில் பச்சைத் தேயிலை பறிக்கிறேன். எங்கள் காட்டில் கரடி குட்டியோடு இருப்பதை இரண்டு மூன்று பேர் பார்த்துவிட்டோம். வெளியே சொன்னால் ஃபாரஸ்ட் வந்து வேலையை நிறுத்திவிடும், கூலி போய்விடும், சும்மா இருங்கள் என்கிறார் மேஸ்திரி. என்ன செய்ய?
– தொழிலாளி, மஞ்சூர் பக்கம்

சொல்லிவிடுங்கள் அம்மா. மேஸ்திரிக்குத் தெரியாமல் வேண்டாம், அவரிடமும் சொல்லிவிட்டே சொல்லுங்கள், நீங்கள் மட்டும் இல்லாமல் பார்த்தவர்கள் எல்லோரும் சேர்ந்து. தகவல் சொன்ன உடனே எஸ்டேட்டையே மூடுவது வழக்கம் இல்லை. பெரும்பாலும் அந்த ஒரு பகுதியில் இரண்டு மூன்று நாள் பறிக்க வேண்டாம், வேறு பகுதிக்குப் போங்கள் என்பார்கள். தோட்டத்தில் இத்தனை பகுதி இருக்கும்போது அதற்குக் கூலி ஏன் போக வேண்டும் என்று மேஸ்திரிதான் சொல்ல வேண்டும்.

குட்டியோடு இருக்கும் தாய் சாதாரணக் கரடி இல்லை. இந்தக் குட்டிகள் ஏறக்குறைய இரண்டு வருடம் அம்மாவோடேயே சுற்றும், சின்னதாக இருக்கும்போது முதுகில் ஏறிக்கொண்டு போகும். அதனால் தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்குக் குட்டி தனியாகத் தெரியாது, "பெரிய கரடி, முதுகில் ஏதோ மேடு" என்றுதான் தெரியும். அப்படி ஒரு மேட்டைப் பார்த்தேன் என்றால் அதையும் அப்படியே சொல்லுங்கள், வனவர் புரிந்துகொள்வார். செடி இடுப்பளவு இருக்கும் இடத்தில் குனிந்து பறிப்பவருக்கும் கரடிக்கும் நடுவே ஒரு வரிசைதான் இடைவெளி. காலையில் இறங்கும் முன் ஒருவர் மேலே நின்று தகரத்தைத் தட்டி, விசில் அடித்து, அது விலகக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு இறங்குங்கள். பேசிக்கொண்டே பறியுங்கள். உண்ணிச்செடிப் புதர் மண்டிய ஓடைக்கரையை வெயில் ஏறும்வரை விட்டுவிடுங்கள், உண்ணிப் பழம் அதற்குப் பிடித்த தீனி. ஒதுங்கத் தனியாகப் புதருக்குள் போகாதீர்கள். கழிப்பறை கட்டித் தரச் சொல்லி எஸ்டேட்டில் கேட்பதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

தண்டிக்குடிப் பக்கம் எங்கள் காப்பித் தோட்டத்தில் ராத்திரி எதுவோ கிளறிவிட்டுப் போகிறது. கரடி என்று புகார் கொடுத்தோம், வந்து பார்த்தவர் பன்றி என்றார். யார் சொல்வது சரி?
– விவசாயி, கீழ்ப்பழனி மலை

நீங்கள் அனுப்பிய விவரத்தை வைத்துப் பார்த்தால் அவர் சொல்வதுதான் சரி போலத் தெரிகிறது. பன்றி மேல்மண்ணைப் பரவலாக உழுதுவிட்டுப் போகும், ஈர மண்ணில் பிளந்த குளம்பு பதிந்திருக்கும். கரடி அப்படிப் பரப்பாது. புற்று இருக்கும் இடம் பார்த்து ஒரே இடத்தில் ஆழமாகத் தோண்டும், குழிச் சுவரில் நீள நகம் இழுத்த கோடுகள் நிற்கும். அதன் பின்னங்கால் தடம் மனுஷன் வெறுங்காலோடு நடந்த மாதிரி இருக்கும், ஐந்து விரலும் தெரியும், முன்னங்கால் என்றால் விரலுக்கு முன்னால் தள்ளி நகப்புள்ளிகள். சாணியைக் குச்சியால் கிளறிப் பாருங்கள், பழக்காலத்தில் விதை விதையாக இருக்கும், வெயில் காலத்தில் மண்ணும் கறையான் தலையும். பலா மரத்தில் நகக்கீறல் இருந்து, கீழே பழம் பிளந்து சுளை தின்ற மிச்சம் கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

எது என்று தெரியாவிட்டால் மனுவில் "கரடி" என்று எழுதாமல் பார்த்ததை மட்டும் எழுதுவது நல்லது. பன்றிக்குக் கரடி என்று இரண்டு தடவை ஆள் வந்து போனால் மூன்றாவது தடவை நிஜக் கரடிக்குத் தாமதமாகத்தான் வருவார்கள், அவர்களும் மனிதர்கள்தானே. இன்னொன்று, உங்கள் பக்கம் மலைச்சரிவில் கொடைக்கானல் வனக்கோட்டமும் திண்டுக்கல் வனக்கோட்டமும் அடுத்தடுத்து வருகின்றன. உங்கள் நிலம் எதில் இருக்கிறது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவைக் கரடி அடித்துவிட்டது, முகத்தில் தையல் போட்டிருக்கிறது. நிவாரணம் உண்டா? யாரிடம் போக வேண்டும்?
– கூடலூர்

முதலில் அப்பா எப்படி இருக்கிறார் என்பதுதான். கடி, நகக்கீறல் எதுவானாலும் வெறிநாய்க்கடி ஊசி முழுச் சுற்றும் போட வேண்டும், தோல் கிழிந்து ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும். தையல் போட்டாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள், அரசு மருத்துவமனையில் கேளுங்கள். (மற்ற வாசகர்களுக்கு: அடிபட்ட உடனே சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐக் கூப்பிடுங்கள். காபித்தூள் வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். லேசான கீறல் என்றால் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.)

நிவாரணம் உண்டு. மருத்துவமனைக்குள் போகும்போதே "கரடி அடித்தது" என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில், அவர்கள் பேச்சில் ஏ.ஆர்., அப்படியே எழுதச் சொல்ல வேண்டும். அவசரத்தில் "விழுந்துவிட்டார்" என்று எழுதிவிட்டால் பின்னால் அந்த ஒரு சொல்லை மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஏ.ஆர். நகல், காயச் சான்று, ஆதார், வங்கிப் பாஸ்புக் நகல், சம்பவம் நடந்த இடம் நேரம் எழுதிய மனு, இவற்றை வனச்சரக அலுவலகத்தில் கொடுங்கள். அவர்கள் இடத்தைப் பார்த்து அறிக்கை எழுதி, கூடலூர் வனக்கோட்ட அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். காயத்தின் அளவைப் பொறுத்துத் தொகை மாறும் என்பதால் மருத்துவர் எழுதும் சொல் முக்கியம். உயிரிழப்புக்கு மத்திய அரசுத் திட்டங்களில் 5 லட்சமாக இருந்தது 2023 டிசம்பரில் 10 லட்சமாக உயர்ந்தது. அப்பா வேலை நேரத்தில் அடிபட்டிருந்தால் முதலாளி தர வேண்டிய இழப்பீடு தனி, இது வந்துவிட்டதே என்று அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

பிடித்து முதுமலையில் விட்டால் என்ன? வனச்சரகருக்கு ஒரு கூண்டு வைக்கக்கூட மனசில்லையா?
– அரவேணுவிலிருந்து பலர்

மனசு இருந்தாலும் அவர் கையில் அதிகாரம் இல்லை. தேன்கரடி 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது, புலியும் யானையும் இருக்கும் அதே அட்டவணை. அதைப் பிடிக்கத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து உத்தரவு வேண்டும், அவர் சென்னையில் இருக்கிறார். மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டது என்று காரணம் எழுதித்தான் உத்தரவு போட முடியும், அந்தக் காரணத்துக்கு அடிப்படை நீங்கள் பதிந்த புகார்கள். முதல் பதிலில் அத்தனை நீளமாக மனுவைப் பற்றி எழுதியது இதற்காகத்தான்.

பிடித்து வேறு காட்டில் விடுவது பற்றி எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. விட்ட இடத்திலும் ஏற்கெனவே கரடிகள் இருக்கும், அங்கேயும் ஓரத்தில் ஊர் இருக்கும். சில கரடிகள் திரும்பி வந்துவிடும். வராவிட்டாலும், எண்ணெயும் பழக்கழிவும் இங்கே அதே இடத்தில் கிடந்தால் காலியான இடத்துக்கு அடுத்த கரடி வரும். ஆளை அடித்த கரடி வேறு விஷயம், அதற்குக் கூண்டு வைத்தே ஆக வேண்டும், அதில் தாமதித்தால் நானும் உங்களோடு மனுவில் கையெழுத்துப் போடுவேன்.

பக்கத்துத் தோட்டக்காரர் பன்றிக்கு என்று சுருக்குக் கம்பி வைத்திருக்கிறார். கரடி மாட்டினால் எங்களுக்கும் பிரச்சினை வருமா?
– பெயர், ஊர் வேண்டாம்

கம்பி வைப்பதே குற்றம். கரடி மாட்டிச் செத்தால் குறைந்தது 3 வருடம், 7 வருடம்வரை சிறை, 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதம். சாகாமல் மாட்டிக்கொண்டு கிடந்தால் முதலில் அந்த வழியாக நடப்பது நீங்களாகக்கூட இருக்கலாம். வனவரிடம் சொல்லுங்கள், பெயர் வெளியே வரக் கூடாது என்று கேட்டுக்கொண்டே சொல்லலாம். கம்பியில் கரடி உயிரோடு சிக்கியிருப்பதைப் பார்த்தால் கிட்டே போய் வெட்டிவிட முயலாதீர்கள், மயக்க ஊசியோடு மருத்துவர் வரும்வரை கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவதே பெரிய உதவி.

கோவில் விளக்கு எண்ணெய்க்காகக் கரடி கருவறைக் கதவை உடைக்கிறது. சாமிக்கு விளக்கு ஏற்றாமல் இருக்க முடியுமா?
– பூசாரி, கீழ்கோத்தகிரி

ஏற்றுங்கள் சாமி. பூஜை முடிந்ததும் மிச்ச எண்ணெய், நெய், தேங்காய், வாழைப்பழம் எல்லாவற்றையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள், விளக்கையும் துடைத்துவிடுங்கள். அதன் மூக்குக்குத் திரியில் ஊறியிருக்கும் எண்ணெயே போதும். உடைத்த கதவை ஊர்ப்பணத்தில் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டோம் என்று எழுதியிருக்கிறீர்களே, அடுத்த முறை சரிசெய்யும் முன் சரக அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.